பனிவண்டிக்கு எந்த பிளக், எந்தப் பெட்ரோல்?

ஜெர்மனியில் ஸ்னோமொபைல் எனப்படும் பனிவண்டி பெரும்பாலும் வேலைக்கருவிதான். பவேரிய ஆல்ப்ஸ் ஆனாலும் எர்ட்ஸ்கெபிர்கே மலைத்தொடர் ஆனாலும், பொழுதுபோக்குக்காக அதைத் திறந்தவெளியில் ஓட்ட இயற்கைப் பாதுகாப்புச் சட்டங்கள் எளிதில் இடம் தருவதில்லை. மலைமீட்புப் பணி செய்யும் பெர்க்வாக்ட் தொண்டர்கள், பனிச்சறுக்கு லிஃப்ட் நடத்துவோர், மலைக்குடில்களுக்கு உணவும் எரிவாயுவும் கொண்டுசெல்வோர் ஆகியோரிடமே இந்த வண்டிகள் இருக்கின்றன. ஆகவே அங்கே எஞ்சின் நின்றுபோவது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. கால் முறிந்த ஒருவர் பனியில் காத்துக்கிடக்கும் நேரம் அதனால் நீளக்கூடும். இப்படிப்பட்ட வண்டிக்கு எந்த ஸ்பார்க் பிளக் போடுவது, எத்தனை ஆக்டேன் பெட்ரோல் ஊற்றுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பட்டறைகளில் ஒரே பதில்தான் நெடுங்காலமாகப் புழங்குகிறது: குளிர்ந்த பிளக்கைப் போடு, கிடைப்பதிலேயே உயர்ந்த ஆக்டேனை ஊற்று, இரண்டும் எஞ்சினுக்குப் பாதுகாப்பு. இந்தப் பதில் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். பிளக்கின் வெப்ப எண் ஒரு கேட்டைத் தடுக்கிறது; பெட்ரோலின் ஆக்டேன் எண் வேறொரு கேட்டைத் தடுக்கிறது. ஒன்றைக் கூட்டி மற்றொன்றின் குறையை நிரப்ப முடியாது. தேவையில்லாமல் இரண்டையும் கூட்டினால் ஒன்றில் பணம் வீணாகும், மற்றொன்றில் எஞ்சினே நின்றுபோகும்.

முதலில் அந்த இரண்டு கேடுகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிளக் பொறி தட்டியபின் தீ சிலிண்டருக்குள் ஒழுங்காகப் பரவிச் செல்கிறது. அது சென்று சேருமுன், ஓரத்தில் எஞ்சியிருக்கும் கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானாகவே ஒரே நொடிப்பொழுதில் வெடித்தால் அது நாக்கிங். இதைத் தாங்கும் திறனைத்தான் ஆக்டேன் எண் அளக்கிறது. ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து 1920களில் உருவான அளவுகோல் அது. இரண்டாவது கேடு பொறிக்கு முன்பே நிகழ்வது. சிலிண்டருக்குள் ஏதோ ஓர் இடம் செந்தணலாகக் கனன்றுகொண்டிருந்தால், பிளக் பொறி தட்டக் காத்திராமல் கலவை அந்த இடத்திலேயே பற்றிக்கொள்ளும். இதை முன்பற்றல் என்போம். அந்தத் தணல் பெரும்பாலும் பிளக்கின் பீங்கான் முனையிலோ மின்முனையிலோதான் உருவாகிறது. முனை ஏறத்தாழ 450 முதல் 500 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் கரி படியும், எண்ணெய் ஒட்டும்; 900 டிகிரியைத் தொட்டால் அதுவே தீக்குச்சியாகிவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் முனையை வைத்திருப்பதே வெப்ப எண்ணின் வேலை. நீண்ட பீங்கான் மூக்கு உள்ள பிளக் வெப்பத்தைத் தன்னிடம் தக்கவைத்துக்கொள்ளும், அது சூடான பிளக். குட்டையான மூக்கு உள்ளது வெப்பத்தை விரைவாகச் சிலிண்டர் தலைக்குக் கடத்திவிடும், அது குளிர்ந்த பிளக். பெட்ரோலின் ஆக்டேன் எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் நேரடியாக எங்கும் நுழைவதில்லை.

இதை ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாதபடி சான்றுகள் ஜெர்மனியின் எஞ்சின் வரலாற்றிலேயே கிடக்கின்றன. 1930களில் மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் பந்தயக் கார்கள் மெத்தனால் பெரும்பங்கு கலந்த எரிபொருளில் ஓடின. மெத்தனாலின் ஆக்டேன் எண் 100க்கும் மேல். நாக்கிங்கை அது எளிதில் தாங்கும். ஆனால் சூடான ஒரு புள்ளி கிடைத்தால் பெட்ரோலைவிட விரைவாக முன்பற்றும் குணமும் அதற்கு உண்டு. ஆகவே உயர்ந்த ஆக்டேன் இருந்தும் அந்தக் கார்களுக்கு மிகக் குளிர்ந்த பிளக்குகள் தேவைப்பட்டன. அந்தக் குளிர்ந்த பிளக்கோடு எஞ்சினைச் சூடேற்ற முடியாததால், சூடேற்ற ஒரு தொகுதி, ஓட்டத்துக்கு இன்னொன்று என்று பிளக்குகளைக் கழற்றி மாற்றினார்கள். அதாவது ஆக்டேன் ஏறியதால் முன்பற்றல் அடங்கிவிடவில்லை. குளிர்ந்த பிளக் போட்டதால் வேறு தொல்லை வந்தது. அந்த இரண்டு படிப்பினைகளும் பனிவண்டிக்கு அப்படியே பொருந்தும்.

இன்னும் நெருங்கிய சான்று பனிவண்டியிலேயே இருக்கிறது. வட அமெரிக்கப் பனிவண்டித் தொழிலின் தொடக்க காலத்தில் அதன் எஞ்சின்களில் பெரும்பங்கு ஜெர்மன் மொழி பேசும் ஊர்களிலிருந்தே போயின. பின்னேபெர்க்கின் யெ.எல்.ஓ., பெனிங்கனின் ஹிர்த், ஷ்வைன்ஃபுர்ட்டின் ஃபிக்டல் உண்ட் ஸாக்ஸ் மூன்றும் அந்தச் சந்தைக்கு எஞ்சின் செய்தன. இன்று ஆஸ்திரியாவின் குன்ஸ்கிர்ஷனில் இருந்து ஸ்கி-டூ, லிங்க்ஸ் வண்டிகளுக்கு எஞ்சின் தரும் ரோட்டாக்ஸ் நிறுவனமும் 1920இல் டிரெஸ்டனில் பிறந்ததுதான். ஸாக்ஸ் நிறுவனம் 1960களின் இறுதியில் வாங்கெல் சுழல் எஞ்சினை ஆர்க்டிக் கேட் பனிவண்டிகளுக்குக் கொடுத்தது. சுழல் எஞ்சினில் எரியும் இடம் எப்போதும் ஒரே இடம். உள்ளே வரும் புதுக்கலவை பிஸ்டன் எஞ்சினில் செய்வதுபோல அந்த இடத்தைக் குளிர்விப்பதில்லை. அதனால் அது தாழ்ந்த ஆக்டேன் பெட்ரோலைப் பொறுத்துக்கொண்டாலும் பிளக்கை வாட்டி எடுத்தது, குளிர்ந்த பிளக் கேட்டது. தாழ்ந்த ஆக்டேன், குளிர்ந்த பிளக். பந்தயக் காரிலோ உயர்ந்த ஆக்டேன், குளிர்ந்த பிளக். இரண்டு எண்களும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்றால் இப்படி நேர்ந்திருக்க முடியாது.

மூன்றாவது சான்று இன்றும் ஜெர்மன் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் ஸூல் நகரில் செய்யப்பட்ட ஸிம்ஸன் எஸ்51 டூ-ஸ்ட்ரோக் மொபெட்டுக்கு, தூரிங்கியாவின் நொய்ஹவுஸ்-ஷீயர்ஷ்னிட்ஸில் செய்யப்பட்ட இஸோலாட்டர் பிளக்கில் 260 என்ற வெப்ப எண் குறிக்கப்பட்டிருந்தது. அந்நாளில் மினோல் பங்க்குகளில் அதற்கு ஊற்றியது வி.கே.88 எனும் 88 ஆக்டேன் பெட்ரோல். 1990இல் நாடு இணைந்தது, அந்தப் பெட்ரோல் மறைந்தது, இன்று அதே மொபெட்டில் 95 ஆக்டேன் சூப்பர் ஊற்றுகிறார்கள். ஆக்டேன் 7 எண் ஏறிவிட்டது. பிளக்கின் வெப்ப எண் மாறியதா? இல்லை; 260ஐயே இன்றும் வாங்கிப் போடுகிறார்கள். காற்றால் குளிரும், வேகமாகச் சுழலும் அந்தச் சிறு எஞ்சின் எவ்வளவு வெப்பத்தைப் பிளக்கின்மேல் தள்ளுகிறது என்பதுதான் அந்த எண்ணை நிர்ணயித்தது. இராணிப்பேட்டையில் என்ஃபீல்டு நிறுவனம் ஜெர்மனியின் ட்ஸூண்டாப் வடிவங்களைக் கொண்டு டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் செய்த காலத்தை அறிந்த தமிழக மெக்கானிக்குகளுக்கு இது புதிய செய்தியாக இராது: பங்க் மாறினாலும் பிளக் எண்ணை மாற்றியவர்கள் அன்றும் இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எஞ்சினை முடுக்கிவிடும் பந்தயக்காரர்கள் எல்லாரும் ஆக்டேனையும் உயர்த்துகிறார்கள், பிளக்கையும் குளிர்விக்கிறார்கள். அனுபவத்தில் இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன, பிறகு எப்படித் தனித்தனி என்கிறீர்கள் என்று கேட்கலாம். அவர்கள் செய்வது சரிதான். ஆனால் அங்கே இரண்டையும் நகர்த்துவது மூன்றாவதான ஒன்று. சிலிண்டர் தலையைச் சீவி அமுக்க விகிதத்தைக் கூட்டினாலோ டர்போ பூட்டினாலோ ஓரக் கலவையின் மேல் அழுத்தம் ஏறுகிறது, அதற்கு ஆக்டேன் வேண்டும். ஒவ்வொரு வெடிப்பிலும் பிளக்கின்மேல் பாயும் வெப்பமும் ஏறுகிறது, அதற்குக் குளிர்ந்த பிளக் வேண்டும். காரணம் ஒன்று, விளைவுகள் இரண்டு. எஞ்சினைத் தொடாமல் ஆக்டேனை மட்டும் ஏற்றியவருக்குப் பிளக்கை மாற்ற எந்தக் காரணமும் இல்லை. இன்னொரு மறுப்பும் நியாயமானது: நாக்கிங் நீடித்தால் அது பிஸ்டன் தலையையும் பிளக் முனையையும் மூடிக் காக்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் கிழித்து, முனையைக் கனலச் செய்து, முன்பற்றலில் கொண்டுபோய் விடும். ஓட்டை விழுந்த பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு எது முதலில் வந்தது என்று தெரியாது. உண்மைதான். ஆனால் அப்போதும் மருந்து நாக்கிங்கை நிறுத்துவதே. நாக்கிங் உள்ள எஞ்சினுக்குக் குளிர்ந்த பிளக் போடுவது நோயின் கடைசி அறிகுறியைச் சற்றுத் தள்ளிப்போடுமே தவிர நோயைத் தொடாது.

எண்களின் குழப்பம் இதைவிட நடைமுறைக் கேடு. ஸ்டுட்கார்ட்டின் ராபர்ட் போஷ் பட்டறையில் கோட்லோப் ஹோனோல்ட் உருவாக்கிய உயர் மின்னழுத்த மேக்னெட்டோவும் பிளக்கும் 1902 ஜனவரியில் காப்புரிமை பெற்றன. எஞ்சின்கள் பலவகையானபோது ஒரே பிளக் எல்லாவற்றுக்கும் போதவில்லை. 1927இல் போஷ் வெப்ப எண்ணைக் கொண்டுவந்தது. சோதனை எஞ்சினில் பிளக் எத்தனை விநாடி தாங்கியபின் முன்பற்றல் தொடங்குகிறது என்பதே அந்த எண். 175 என்றால் சூடானது, 225 குளிர்ந்தது, 260 அதனினும் குளிர்ந்தது. இந்தியாவில் போஷின் பெங்களூர் நிறுவனமான மைக்கோ விற்ற பிளக்குகளிலும் இதே எண்களைப் பார்த்திருப்போம். பிற்காலத்தில் போஷ் தன் அளவுகோலைத் தலைகீழாக்கியது: பழைய 175 இப்போது 7, பழைய 225 இப்போது 5, எண் குறையக் குறையக் குளிர்ச்சி. ஜப்பானின் என்.ஜி.கே.யில் எண் கூடக் கூடக் குளிர்ச்சி. சாம்பியனில் எண் கூடக் கூடச் சூடு. ஆக, ரோட்டாக்ஸ் டூ-ஸ்ட்ரோக்குகளில் நெடுங்காலம் போடப்பட்ட என்.ஜி.கே. பி.ஆர்.9இ.எஸ். பிளக்கின் 9 மிகக் குளிர்ந்தது. போஷில் 9 என்ற எண்ணுள்ள பிளக் சூடானது. கடையில் இருப்பதை எடுத்து "அதே ஒன்பதுதானே" என்று பூட்டினால், முழு வேகத்தில் ஏறும் முதல் நீண்ட சரிவிலேயே பிஸ்டன் உருகும். பிளக் எழுத்துகளில் மற்றவற்றையும் படிக்கத் தெரிய வேண்டும். பி என்பது 14 மில்லிமீட்டர் மரை, இ என்பது 19 மில்லிமீட்டர் மரை நீளம், ஆர் என்பது உள்ளே மின்தடை உள்ளது. மரை நீளம் தவறினால் பிஸ்டன் பிளக்கில் இடிக்கும், அல்லது முனை குழிக்குள் ஒளிந்துகொள்ளும். மின்தடை இல்லாத பிளக் ரேடியோ இரைச்சலைப் பரப்பும். வாக்கி-டாக்கியும் பனிச்சரிவுத் தேடுகருவியும் கையிலேந்திச் செல்லும் மீட்பு வேலையில் அந்த ஆர் எழுத்தை விட்டுவிட யாருக்கும் உரிமையில்லை.

பெட்ரோல் பக்கம் குழப்பம் இன்னும் நுட்பமானது. ஆக்டேனை இரண்டு விதமாக அளக்கிறார்கள். ரிசர்ச் முறையில் சோதனை எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடும். மோட்டார் முறையில் 900 சுற்றில், கலவையை ஏறத்தாழ 149 டிகிரிக்குச் சூடாக்கி ஓடும். இரண்டாவது கடுமையானது, ஆகவே எண் குறைவாக வரும். ஜெர்மன் பங்க்கில் எழுதியிருப்பது ரிசர்ச் எண். அமெரிக்காவிலும் கனடாவிலும் எழுதுவது இரண்டின் சராசரி. டி.ஐ.என். ஈ.என். 228 தரப்படி ஜெர்மன் சூப்பர் ரிசர்ச் முறையில் 95, மோட்டார் முறையில் 85, சராசரி 90. சூப்பர் பிளஸ் 98, 88, சராசரி 93. ஏறத்தாழ 2010 வரை விற்ற நார்மல் 91, 82.5, சராசரி 87க்குச் சற்றே குறைவு. இப்போது ஒரு வட அமெரிக்கக் கையேட்டில் 91 என்று மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் படிப்பவர், இங்கே மலிவான பெட்ரோலே 95, தாராளமாகப் போதும் என்று முடிவு செய்வார். உண்மையில் அந்த 91க்கு நிகரானது இங்கே 95க்கும் 96க்கும் நடுவில். அவர் நினைத்த நான்கு எண் உபரி எங்கும் இல்லை. கணக்கு விளிம்பில் நிற்கிறது. தயாரிப்பாளர்கள் சராசரி 91ஐயும் ரிசர்ச் 95ஐயும் கையேட்டில் அருகருகே அச்சிடும்போது அது இந்த விளிம்புக் கணக்கைத்தான் சொல்கிறது. அவர்கள் சோதித்துச் சொல்வதால் ஏற்கலாம். ஆனால் கடல் கடந்து பழைய வண்டியாக வந்த ஒன்றில் ஒரே எண் மட்டும் இருந்தால் அதை ரிசர்ச் எண்ணாகப் படிக்கக் கூடாது. இந்தியாவில் இந்தப் பிழை இன்னும் ஆபத்தாக இருந்தது. 2020இல் பி.எஸ்.6 தரம் வந்தபோது சாதாரணப் பெட்ரோலின் கீழெல்லை ரிசர்ச் முறையில் 91ஆகத்தான் இருந்தது. குல்மார்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் பனிவண்டி ஒன்றின் கையேடு அமெரிக்க 91ஐக் கேட்டு, அதற்கு அந்த 91ஐ ஊற்றியிருந்தால், ஐந்து எண் வரை குறைந்திருக்கும்.

குல்மார்கைப் பெருமளவு காப்பாற்றுவது அதன் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் எடை குறைகிறது, அழுத்தமும் ஆக்டேன் தேவையும் தாழ்கின்றன. அமெரிக்காவின் ராக்கி மலை மாநிலங்களில் சராசரி 85 ஆக்டேன் பெட்ரோலே பங்க்குகளில் விற்பது இந்த நியாயத்தில்தான். ஜெர்மனியில் சுக்ஷ்பிட்ஸெ சரிவில் 2,600 மீட்டர் உயரத்தில் வேலை செய்யும் வண்டிக்கும் இது பொருந்தும், ஆனால் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதே வண்டி 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் கார்மிஷ் பள்ளத்தாக்குக்கு இறங்கி வரலாம். மேலே மைனஸ் 10 டிகிரி, தெளிந்த இரவில் கீழே மைனஸ் 15 டிகிரி என்று வைத்துக் கணக்கிட்டால், கீழே உள்ள காற்று மேலே உள்ளதைவிடக் கால் பங்குக்கும் மேல் அடர்ந்திருக்கும். குளிர் மட்டுமே என்ன செய்யும் என்பதையும் பார்க்கலாம்: 20 டிகிரியிலிருந்து மைனஸ் 20க்கு வந்தால் அதே உயரத்தில் காற்று ஏறத்தாழ 16 சதவீதம் அடர்த்தியாகிறது. கார்புரேட்டரின் ஜெட் துளை இதை அறியாது. உயரத்துக்கென்று சிறிய ஜெட் போட்ட எஞ்சின் பள்ளத்தாக்கின் குளிர்ந்த காற்றில் பெட்ரோல் போதாமல் லீனாக ஓடும், வெப்பம் ஏறும், நாக்கிங்கும் முன்பற்றலும் சேர்ந்தே வரும். இந்த நேரத்தில் 102 ஆக்டேன் பெட்ரோல் சிறிது தாங்கும், குளிர்ந்த பிளக் சிறிது தாங்கும், ஆனால் இரண்டும் நோய்க்கு மருந்தல்ல. ஜெட்டை மாற்றுவதே மருந்து. பனிவண்டி எஞ்சின்கள் கெடுவதில் பிளக்கும் பெட்ரோலும் வாங்கிக்கொள்ளும் பழியில் நல்ல பங்கு ஜெட்டுக்குப் போய்ச்சேர வேண்டியது. மின்னணு உட்செலுத்தலும் காற்றழுத்த உணரியும் உள்ள வண்டிகளில் இந்தக் கவலை பெரிதும் நீங்கிவிட்டது. டர்போ உள்ளவை உயரத்தில் இழந்த காற்றை ஈடுகட்டிக்கொள்வதால், மலை உச்சி என்று சொல்லி ஆக்டேனைக் குறைக்கும் சலுகை அவற்றுக்கு இல்லை.

ஆக்டேனைப் பற்றிப் பேசும் அளவுக்கு எத்தனாலைப் பற்றிப் பேசாதது பெரிய குறை. ஜெர்மனியில் 2011 முதல் விற்கும் இ10 பெட்ரோலும் 95 ஆக்டேன்தான். நாக்கிங் கணக்கில் அது எந்தக் குறையும் உடையதன்று. ஆனால் எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், கலப்பற்ற பெட்ரோலைவிட இ10க்கு ஏறத்தாழ 4 சதவீதம் குறைந்த காற்றே போதும். கார்புரேட்டர் பழைய கணக்கிலேயே அளந்து ஊற்றும், கலவை அந்த அளவுக்கு லீனாகும். தயாரிப்பாளர்கள் 10 சதவீதம் வரை ஏற்கிறார்கள். ஒழுங்காக ஜெட் வைத்த எஞ்சின் அதைத் தாங்கும். உண்மைத் தொல்லை சேமிப்பில். பனிவண்டி ஆண்டில் பாதி நாள் கொட்டகையில் நிற்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால், குளிரில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தொட்டியின் அடியில் தனியே பிரியும். பிரிந்தபின் மேலே மிஞ்சும் பெட்ரோல் தன் ஆக்டேனில் ஒரு பகுதியையும் இழந்திருக்கும். பருவமும் கணக்கில் வர வேண்டும். ஜெர்மன் கோடைப் பெட்ரோலின் ஆவியழுத்தம் 45 முதல் 60 கிலோபாஸ்கல், குளிர்காலத்துக்கு 60 முதல் 90. ஆகஸ்டில் கேனில் பிடித்து வைத்ததை டிசம்பரில் மைனஸ் 15 டிகிரியில் ஊற்றிவிட்டு, எஞ்சின் பிடிக்கவில்லை என்று பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது வீண் வேலை; அந்தப் பெட்ரோல் அந்தக் குளிரில் ஆவியாகவே மறுக்கிறது. நீண்ட நாள் நிற்கும் வண்டிக்கு ஆல்கைலேட் பெட்ரோல் நல்ல வழி. மரம் அறுக்கும் இயந்திரங்களுக்காக ஸ்டீல், ஆஸ்பென் போன்றவை விற்கும் இது எத்தனால் இல்லாதது, பென்சீன் ஏறக்குறைய அற்றது, கெடாமல் நிற்கும். ரிசர்ச் எண்ணுக்கும் மோட்டார் எண்ணுக்கும் உள்ள இடைவெளியும் இதில் மிகக் குறைவு. கிரேங்க் அறையின் வெப்பத்தில் கலவையைச் சூடாக்கி மேலே அனுப்பும் டூ-ஸ்ட்ரோக்குக்கு அது உண்மையான ஆதாயம். விலை அதிகம் என்பதால் ஓட்டம் முழுவதற்கும் இதை ஊற்றச் சொல்ல முடியாது. பருவம் முடியும் நாளில் கடைசித் தொட்டியாக ஊற்றுவதற்குத் தகும்.

இனி, விலை கொடுத்தாவது உயர்ந்த ஆக்டேனையே ஊற்றிவிட்டால் என்ன குறை என்ற கேள்வி. ஜெர்மனியில் ஷெல் 100ஐயும் ஆரால் 102ஐயும் விற்கின்றன. ஆரால் என்ற பெயரே 1924இல் வால்டர் ஓஸ்ட்வால்ட், ரூர் பகுதி நிலக்கரிச் சூளைகளின் பென்சாலைப் பெட்ரோலில் கலந்து நாக்கிங்கைத் தாங்கச் செய்த கலவைக்கு வைத்தது. நூறாண்டாகப் பெருமை பேசப்படும் சரக்கு அது. நாக் உணரியும் அதற்கேற்பப் பொறிநேரத்தை முன்னகர்த்தும் கணினியும் உள்ள எஞ்சினுக்கு, அதிலும் டர்போவுக்கு, 98 அல்லது 100இல் ஆதாயம் இருக்கக்கூடும். நிலையான பொறிநேரம் கொண்ட பழைய கார்புரேட்டர் எஞ்சினுக்கு, அது கேட்கும் எண்ணுக்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு எண்ணும் வெறும் செலவுதான். ஆக்டேன் கூடினால் லிட்டரில் உள்ள ஆற்றல் கூடுவதில்லை. கீழே இறங்குவது பிழை, தேவைக்கு மேலே ஏறுவது வீண்; இரண்டும் ஒரே அளவு தவறு என்று சொல்லவில்லை, ஏனெனில் முதலாவது பிஸ்டனை உடைக்கும், இரண்டாவது பணப்பையை மட்டும் தொடும்.

குளிர்ந்த பிளக்குக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாது. மீட்புப் படையின் வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்: சிறிது தூரம் விரைவு, பிறகு நெடுநேரம் ஐட்லிங், பிறகு பின்னால் கட்டிய அக்யா எனும் மீட்புச் சறுக்குவண்டியில் அடிபட்டவரைக் கிடத்தி ஊர்ந்து இறங்குதல். இந்த ஓட்டத்தில் பிளக் முனை தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும் வெப்பத்தை அடைவதே அரிது. டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் பீங்கானில் படிந்து, கரி வழியாக மின்சாரம் ஒழுகி, பொறி தட்டாமல் எஞ்சின் அணையும். கரி பிடித்த பிளக்கைக் கையுறையோடு இருட்டில் மாற்றும் நிலைக்கு ஒரு மீட்புக் குழுவைத் தள்ளுவதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது? முழு வேகத்தில் நீண்ட நேரம் ஓடும் வண்டிக்குத் தயாரிப்பாளர் சொன்னதைவிட ஒரு படி குளிர்ந்தது சரியாக இருக்கலாம். ஊரும் வண்டிக்கு அது கேடு. எஞ்சினின் கட்டமைப்பு மாறும்போது இந்தக் கணக்கு எவ்வளவு நகர்கிறது என்பதற்கு ரோட்டாக்ஸே சான்று. பவேரியாவின் கிர்ஷேயோனில் ஃபிக்ட் நிறுவனம் உருவாக்கிய நேரடி உட்செலுத்தலின் வழிவந்த இ-டெக் எஞ்சினில், 600 சிசி வண்டிக்கு என்.ஜி.கே. அளவில் 6 எண் பிளக் போடப்பட்டது. கார்புரேட்டர் காலத்தில் அது 9. இரண்டுக்கும் ஒரே பங்க்கின் பெட்ரோல்தான். நேரடி உட்செலுத்தலில் பெட்ரோல் தாரை பிளக்குக்கு அருகே பாய்வதால், மின்முனையின் திறந்த பக்கம் எந்தத் திசை நோக்க வேண்டும் என்பதுகூட அங்கே குறிக்கப்படுகிறது. இரிடியம் முனை குறைந்த மின்னழுத்தத்தில் பொறி தட்டும், குளிரில் எழுப்ப உதவும், நெடுநாள் உழைக்கும். ஆனால் தவறான வெப்ப எண்ணை அது சரிசெய்யாது.

பிளக்கின் நிறத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடும் கலையையும் இங்கே அளவோடுதான் நம்ப வேண்டும். மான்தோல் பழுப்பு நல்லது, கறுப்பு ரிச் (பெட்ரோல் மிகுதி), வெள்ளை லீன் என்ற பாடம் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் வளர்ந்தது. ஜெர்மனி 1971இல் ஈயச் சட்டம் இயற்றி 1972இல் லிட்டருக்கு 0.40 கிராமாகவும் 1976இல் 0.15 கிராமாகவும் குறைத்தது, பிறகு அடியோடு நீக்கியது. இன்றைய பெட்ரோலில் நிறம் மெல்லிதாகவே படிகிறது. முழுத் திறப்பில் ஓட்டி, அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்து எடுத்த பிளக் மட்டுமே எதையாவது சொல்லும். ஊர்ந்து வந்து கொட்டகையில் எடுத்தது ஊர்தலின் கரியைத்தான் காட்டும். மூக்கில் மினுங்கும் சிறு அலுமினியத் துளிகள் மட்டும் எந்தக் காலத்திலும் ஐயமற்ற செய்தி: பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது, ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

ஆகவே ஜெர்மன் மலைகளில் ஓடும் வண்டிக்கு என் முடிவு இது. பிளக்கில் கையேடு சொன்ன எண்ணை விட்டு நகராதீர்கள். வேறு நிறுவனத்தின் பிளக் வாங்கினால் எண்ணை ஒப்பிடாமல் ஒப்புமைப் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். பெட்ரோலில் கையேட்டு எண் எந்த முறையில் அளந்தது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ரிசர்ச் 95 என்றிருந்தால் எத்தனால் குறைந்த இ5 சூப்பர் போதும். 91 என்று மட்டும் இருந்தால், அல்லது வண்டி மேலும் கீழுமாகப் பள்ளத்தாக்குக்கும் வந்து போகுமென்றால், சூப்பர் பிளஸ் 98 ஊற்றுங்கள். கார்புரேட்டர் வண்டியைப் பருவம் முழுக்க நிறுத்திவைக்கும்போது இ10ஐத் தொட்டியில் விடாதீர்கள். வண்டி விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கடல் கடந்து வரும் ஒவ்வொரு பனிவண்டியின் பெட்ரோல் மூடியிலும் ஜெர்மன் பங்க்கில் எழுதியிருக்கும் அதே முறையிலான ஆக்டேன் எண்ணை ஒட்டிக் கொடுங்கள்.